சாய்ந்திருக்கும் அரைமணி நேரம்: வீட்டிலிருந்தே பொம்மைப் படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

மத்தியானம் ஒரு மணிக்கு அத்தைக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டி முடித்ததும் உடனே படுக்க வைக்கக் கூடாது. தலைமாட்டை உயர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, குறைந்தது அரைமணி நேரம் சாய்ந்தாற்போல் உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் சாப்பிட்டது எதுக்களித்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அந்த அரைமணி நேரமும் நான் அறையை விட்டு நகர முடியாது. செய்ய வேலையும் இருக்காது. முதல் எட்டு மாதம் போனைத் தடவியே அந்த நேரம் போனது.

ஒரு ஆனி மாதத்தில் பரணைக் குடைந்தபோது, என் மகன் சின்னதில் உருட்டி விளையாடிய மர லாரி கையில் கிடைத்தது. துடைத்து ஜன்னல் திண்டில் வைத்தேன். வெளியே சாரல். கம்பியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேரள எல்லையில் இருக்கும் புளியரைச் சோதனைச் சாவடியில் மழைக்கு ஒதுங்கி நிற்கிற லாரி மாதிரியே இருந்தது. போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். படு கேவலமாக வந்தது. கண்ணுக்கு லாரியாகத் தெரிந்தது படத்தில் ஏன் வெறும் மரக்கட்டையாகிப்போனது என்று யோசிக்கத் தொடங்கினேன். இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, கேரளம். அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். இடது கை நன்றாக வேலை செய்யும். அந்தக் கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏன் பொம்மை?

குருவியைப் படம் எடுக்கலாம்தான். ஆனால் குருவி காத்திருக்காது. சமையல் படம் எடுத்தால் சூடு ஆறிவிடும். தையல் எடுத்தால் ஊசி கையில் இருக்கும்போதுதான் கூப்பிடுவார்கள். பொம்மை ஒன்றுதான் நடுவில் விட்டுவிட்டு ஓடி, பெட்பேன் வைத்து, துடைத்து, துணி மாற்றி, கை கழுவி வந்த பிறகும் விட்ட இடத்தில் அதே முகத்தோடு நிற்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு நேரம் முழுசாகக் கிடைப்பதில்லை, சில்லறையாகத்தான் கிடைக்கும். சில்லறையைச் சேர்த்துவைக்க விடுகிற கலையாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நேரத்தைப் பிரியுங்கள்

கேமராவுக்கு முன்னால் கடிகாரம். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். மருந்து, சாப்பாடு, துடைத்துவிடுவது எல்லாம் அதற்கு இடையில்தான். இந்த ஓட்டத்துக்குள் உங்களுக்கு மூன்று வகை நேரம் கிடைக்கும்.

ஐந்து நிமிடத் துண்டுகள். இதில் படம் எடுக்க உட்காராதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும். அட்டை வெட்டலாம், பசை தடவிக் காய வைக்கலாம், மரத்தூள் சலிக்கலாம்.

அரைமணி நேரத் துண்டு. எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின். படம் எடுப்பது இதில் மட்டும்.

ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு. எடுத்ததைப் பார்ப்பது, கழிப்பது, திருத்துவது. கண் சொருகினால் விட்டுவிட்டுத் தூங்குங்கள். தூக்கத்தைத் திருடிச் செய்கிற எந்தப் பொழுதுபோக்கும் மறுநாள் நோயாளி மேல்தான் எரிந்து விழும். எனக்கு நடந்திருக்கிறது.

அடுத்தது இடம். முதலில் நான் தரையில்தான் காட்சி போட்டேன். மரத்தூள் கொட்டி, மலை நிறுத்தி, லாரியை வைத்து முடித்த நேரம் அத்தைக்குப் புரையேறிவிட்டது. ஓடினேன், மலையை மிதித்துக்கொண்டே. பிறகு கழிப்பறை நாற்காலியைத் தள்ளி வந்தபோது அதன் சக்கரம் மரத்தூளை வீடு முழுக்க இழுத்தது. அன்றைக்கு ராத்திரி வரைக்கும் பெருக்கினேன்.

அதிலிருந்து ஒரே சட்டம்தான்: உலகம் முழுவதும் ஒரு தாம்பாளத்துக்குள் அடங்க வேண்டும். கல்யாணத்தில் சீர் வைக்கிற பெரிய எவர்சில்வர் தாம்பாளம், ஒன்றரை அடி அகலம். விளிம்பு இருப்பதால் எதுவும் சிந்தாது. கூப்பிட்டால் ஒரே தள்ளு, கட்டிலுக்கு அடியில் போய்விடும். பத்து நொடிக்குள் ஒதுக்க முடியாத எதையும் கட்டாதீர்கள்.

என்ன பொம்மை?

வாங்காதீர்கள். குறைந்தது முதல் மூன்று மாதம். வீட்டில் இருப்பதே போதும், எங்கள் பக்கத்து வீடுகளில் நிச்சயம் போதும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் எந்த வீட்டிலாவது இல்லாமல் இருக்குமா? பானை, அடுப்பு, ஆட்டுக்கல், அம்மி எல்லாம் விரல் உயரத்தில் இருக்கும். சீர் வந்த மரப்பாச்சி ஜோடி இருக்கும். கொலு வைக்கிற வீடென்றால் பரணில் ஒரு ஊரே தூங்கும். சதுரங்கக் காய், சாவிக்கொத்தில் தொங்கும் யானை, தீப்பெட்டி அளவு கார் எல்லாமே நடிகர்கள்தான்.

நான் பார்ப்பது மூன்று விஷயம். தானாக நிற்க வேண்டும். பளபளப்பு குறைவாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பக்கம் பார்ப்பது போலத் தோன்ற வேண்டும். சொப்பு இரண்டாவதில் தோற்கும். அரக்குச் சாயம் பூசிக் கடைந்த மரம் கண்ணாடி மாதிரி ஜன்னலையே திருப்பிக் காட்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வெள்ளைப் பொட்டு விளிம்புக்குப் போகிற வரை பார்க்க வேண்டும். கொலு பொம்மைகளுக்கு வேறு சிக்கல். அவை ஏற்கெனவே நடித்து முடித்தவை. தவில்காரர் தவில்தான் வாசிப்பார், வேறெதுவும் செய்ய மாட்டார். அவர்களைத் தூரத்தில் கூட்டமாக நிறுத்தலாம்.

என் கட்சி மரப்பாச்சிதான். செஞ்சந்தன மரம், முகத்தில் ஒரு பாவமும் கிடையாது. அதுதான் வசதி. வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் அழுகிற மாதிரி இருக்கும், பக்கத்திலிருந்து விழுந்தால் கோபமாக இருக்கும், கீழிருந்து விழுந்தால் பேய். சிரித்த முகம் செதுக்கிய பொம்மையிடம் இதெல்லாம் நடக்காது.

ஒரு எச்சரிக்கை. மறதி நோய் இருப்பவர்கள் கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்ளலாம். பட்டாணி அளவு உருப்படிகளையும் பொத்தான் பேட்டரி போட்ட விளக்குகளையும் அவர்கள் இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

வெளிச்சம்: படத்தின் முக்கால் பங்கு

என் முதல் படம் கெட்டுப்போனதற்குக் காரணம் டியூப்லைட். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப்லைட் ஒரு நிறம். இரண்டும் கலந்தால் லாரியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சை கலந்த மஞ்சளாகவும் தெரியும். நம் கண் அதைச் சரிசெய்துகொள்ளும், கேமரா செய்யாது. ஆகவே முதல் வேலை, விளக்கை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வெளிச்சம்தான்.

இரண்டாவது, விளக்கின் அளவு. பெரிய விளக்கென்றால் நிழல் மெத்தென்று கரையும், சின்ன விளக்கென்றால் நிழல் கத்தியால் வெட்டியது போல விழும். இங்கே பெரிசு சிறிசு என்பது பொம்மையின் கண்ணுக்கு. நான்கு அடி ஜன்னல் நமக்கு ஜன்னல்தான், ஆனால் அதை ஒட்டி நிற்கும் மூன்று அங்குல மரப்பாச்சிக்கு அது மேகம் மூடிய வானம். டார்ச் நமக்குக் கைவிளக்கு. ஆறடி தள்ளிப் பிடித்தால் மரப்பாச்சிக்கு அது உச்சிவெயில். இது புரிந்துவிட்டால் மழைக்காலமும் கோடைக்காலமும் உங்கள் கையில்.

எங்கள் ஊர் வெளிச்சத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மேற்கே மலை. சூரியன் உண்மையில் மறைவதற்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். சமவெளிக்காரர்கள் சொல்கிற பொன்வெயில் எங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. பதிலாக, ஆனி ஆடியில் நாளெல்லாம் மெல்லிய சாம்பல் வெளிச்சம் இருக்கும். மலைக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும். பொம்மைப் படத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. உங்கள் ஜன்னல் எந்தத் திசை, எந்த மணிக்கு என்ன வெளிச்சம் என்று ஒரு வாரம் பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

செய்முறை இதுதான். தாம்பாளத்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள், நேர் எதிரே வேண்டாம். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தால் வலது பக்கம் இருண்டு கிடக்கும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டை நிறுத்துங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இருட்டைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். மாறாக, சோகமான படம் வேண்டுமென்றால் வெள்ளைக்குப் பதில் கறுப்புச் சார்ட் வையுங்கள். இருட்டு இன்னும் இறங்கும். நேர் வெயில் ஜன்னலில் அடித்தால் துவைத்த வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டுங்கள். கொசுவலையும் பாதி வேலை செய்யும்.

ராத்திரி எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு எல்இடி பல்பு, அதற்கு முன்னால் ஓர் அடி தள்ளி பட்டர் பேப்பர். படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்தால் பயப்படாதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில பல்புகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பட்டை போய்விடும்.

போனைப் பிடிக்கிற விதம்

போன் போதும். சின்ன சென்சார் என்பதால் கிட்டத்தில் எடுக்கும்போது பெரிய கேமராவைவிட அதிகப் பகுதி தெளிவாக வரும். பொம்மைக்கு அது நல்லதுதான்.

பொம்மை கண்ணுக்கு நேராக இறங்குங்கள். மேலிருந்து எடுத்தால் அது தரையில் கிடக்கும் பொம்மை. அதன் கண் மட்டத்தில் எடுத்தால் அது ஒரு ஆள். போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் தரையை ஒட்டி வந்துவிடும், இந்த ஒரு காரியமே பாதிப் படத்தை மாற்றிவிடும்.

ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். மூக்கோடு மூக்காகப் போனால் போன் ஃபோகஸ் செய்யத் திணறும். பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் அகல லென்ஸுக்குத் தாவிவிடும், முகம் கோணலாக உப்பித் தெரியும். தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள்.

திரையில் தெரியும் பொம்மையின் கண்ணில் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். போன்கள் எல்லாவற்றையும் வெளுத்துக் காட்டத் துடிக்கும், நாம்தான் அடக்க வேண்டும்.

புரோ மோடு (அளவுகளை நாமே வைக்கிற வசதி) இருந்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் 1/30க்கு அருகில், வெள்ளைச் சமநிலை (நிறம் பிசகாமல் இருக்க) 5500. போன் அசையக் கூடாது. ஸ்டாண்ட் தேவையில்லை. ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி அதன் மேல் போனை அழுத்தி உட்கார வையுங்கள். 3 நொடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

லென்ஸைத் துடைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். நோயாளி வீட்டில் நம் கையில் எப்போதும் தேங்காய் எண்ணெயோ பவுடரோ இருக்கும். ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.

மண்ணும் மலையும்: அறைக்குள்ளேயே கிடைக்கும்

எங்கள் ஊரை ஒட்டிய பிரானூர் பார்டரைப் பரோட்டாவுக்காக எல்லோருக்கும் தெரியும். எனக்கு அங்குள்ள மர மில்கள் முக்கியம். மரத்தூள் ஒரு பை கேட்டால் சும்மா கொடுப்பார்கள். அப்படியே கொட்டாதீர்கள், சலித்துக் கொட்டுங்கள். மரத்தூளின் ஒரு சில்லு பொம்மையின் தலையளவு இருந்தால் அது மண்ணாகத் தெரியாது, விறகாகத் தெரியும். மாவுச் சல்லடையில் விழுவது மண், மேலே தங்குவது சரளை. டீ வடிகட்டிய சக்கையை வெயிலில் காய வைத்தால் ஈர மண். ரவை மணல். அரிசி மாவையும் சீனியையும் ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறும்போடு அவதிப்பட்டேன். கட்டிலில் ஆள் இருக்கும் அறைக்கு அவை வேண்டவே வேண்டாம். மதில் சுவரில் சாரலுக்குப் பிடித்த பாசியைச் சுரண்டி வைத்தால் காடு.

இனி நோயாளி அறையின் சாமான்கள். இந்த அலமாரியை நான் இரண்டு வருடம் வெறுப்பாகப் பார்த்தேன். இப்போது அது என் பட்டறை.

மாத்திரை அட்டையின் பின்பக்க ஃபாயில்: சின்னத் துண்டாக ஒட்டினால் லாரியின் கண்ணாடி. கசக்கி விரித்தால் வெளிச்சம் திருப்பும் தகடு.

பழைய எக்ஸ்ரே ஃபிலிம்: இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். கறுப்பு, வழவழப்பு. தாம்பாளத்தில் விரித்து மேலே பொம்மையை நிறுத்தினால் ராத்திரி மழையில் நனைந்த ரோடு மாதிரி பிம்பம் விழும். அத்தையின் நெஞ்சு எக்ஸ்ரே மேல் எத்தனை லாரி ஓடியிருக்கிறது தெரியுமா!

காஸ் துணி (காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணி): ஒரு அடுக்கை லென்ஸுக்கு முன் பிடித்தால் பனிமூட்டம். பஞ்சு: இழை இழையாகப் பிரித்து மலைக்கு முன் ஒட்டினால் மேகம். மைக்ரோபோர் டேப் (காயக் கட்டின் மேல் ஒட்டுகிற காகித டேப்): பொம்மையின் பாதத்தில் சுருட்டி ஒட்டினால் ஒற்றைக் காலில்கூட நிற்கும், எடுக்கும்போது சாயம் உரியாது. ஊசி இல்லாத புது சிரிஞ்ச்: ஒரே ஒரு துளியை வேண்டிய இடத்தில் வைக்க. அழுத்திச் சொல்கிறேன், எல்லாமே புதிது. நோயாளிக்குப் பயன்படுத்திய பஞ்சும் சிரிஞ்சும் குப்பைக்குத்தான் போக வேண்டும், தாம்பாளத்துக்கு அல்ல.

டேப் தீர்ந்ததும் மிஞ்சுகிற வளையங்களைச் சேர்த்துவைக்கிறேன். செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில், கழுதுருட்டி அருகே, 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்துப் பாலம் ஒன்று பதிமூன்று வளைவுக் கண்களோடு நிற்கிறது. வளையத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு கண். ஏழு வளையம் சேர்ந்தால் பதினாலு, ஒன்று மிச்சம். இதுவரை ஐந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு காட்சி, தொடக்கம் முதல் முடிவு வரை: சாவடியில் வைக்கோல் லாரி

எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள் இந்தக் காட்சியை. தமிழ்நாட்டு வைக்கோலை ரோட்டின் அகலத்துக்குப் பிதுங்க ஏற்றிக்கொண்டு, புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரி. எனக்கு ஆறு நாள் ஆனது. அதில் படம் எடுத்தது கடைசி இரண்டு நாள்தான்.

அளவில் தொடங்குங்கள். என் மர லாரி 14 செ.மீ. நிஜ லாரியை 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50இல் ஒரு பங்கு. அப்படியென்றால் 170 செ.மீ. ஆள் 3.4 செ.மீ. இருக்க வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன், சதுரங்கச் சிப்பாய் சரியாக அந்த உயரம். அவர்தான் காவலர். உங்கள் பொம்மைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கணக்குத் தப்பினால் எதனால் என்று தெரியாமலே பார்க்கிறவருக்கு உறுத்தும்.

ரோட்டுக்கு ஹார்டுவேர் கடையில் கறுப்பு உப்புத்தாள். தார் ரோட்டின் சொரசொரப்பு அதில் அப்படியே இருக்கிறது. நடுக்கோட்டைச் சாக்பீஸால் போட்டு விரலால் பாதி அழித்துவிடுங்கள், புதுக் கோடு பொய்யாகத் தெரியும். குறுக்குக் கட்டைக்கு ஈர்க்குச்சி, சிவப்பும் வெள்ளையுமாக நெயில் பாலிஷ். வைக்கோலுக்குத் தேங்காய் நாரைப் பிரித்து அரை அங்குலமாக நறுக்கி, லாரியின் இரு பக்கமும் வழிய வழியக் கட்டினேன். நூல்தான் கயிறு.

மலைக்கு மூன்று சார்ட் தாள். கிட்ட இருப்பது கரும்பச்சை, நடுவில் நீலம், கடைசியில் வெளிர்நீலம். கத்தரியால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். கிழிந்த விளிம்புதான் மலை முகடு. தூரம் போகப் போக மலை வெளுக்கும், அந்த ஒரு விதியால் ஒன்றரை அடித் தாம்பாளத்துக்குள் பத்து மைல் வந்துவிடும். ஒவ்வொரு தாளுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி, நடுவில் பஞ்சு மேகம். கடைசித் தாள் மட்டும் தாம்பாளத்துக்கு வெளியே, சுவரில் சாய்த்து.

ஐந்தாம் நாள் மத்தியானம் எல்லாவற்றையும் நிறுத்தி, நாற்பது படம் எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் ஏதோ இல்லை. பின்னாலிருந்து அத்தை குரல்:

"ஏளா... டைவர் எங்க?"

மாமா இருந்தவரை கொல்லத்துக்கு லாரி ஓட்டியவர். அத்தை லாரியைப் பார்த்தால் முதலில் பார்ப்பது ஓட்டுகிறவர் சீட்டை. 50இல் ஒரு பங்கு ஆளுக்குத் தலை எவ்வளவு இருக்கும்? நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு மிளகை எடுத்து, டேப் துண்டில் ஒட்டி, ஜன்னல் ஓரமாகச் சாய்த்து வைத்தேன். மறுநாள் எடுத்த மூன்றாவது படமே போதுமாக இருந்தது. படத்தில் யாரும் மிளகைப் பார்ப்பதில்லை. தூக்கக் கலக்கத்தில் தலையை வெளியே நீட்டிக் காத்திருக்கும் டிரைவரைத்தான் பார்க்கிறார்கள்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம்: காட்சி முடிந்ததும், இதில் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் அது பொருட்காட்சி, படமில்லை.

மழை, புகை, பறத்தல்

தண்ணீர் தெளித்தால் நொடியில் வழிந்துவிடும். மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி, தண்ணீரோடு சரிபாதி கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். துளி துளியாக அரைமணி நேரம் நிற்கும். பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடிக்கு மட்டும். மரப்பாச்சியில் அடித்தால் சிவப்பு இறங்கிக் கறை பிடிக்கும்.

புகைக்கு ஊதுபத்தி என்று பலர் சொல்வார்கள். நோயாளி அறையில் கூடாது. மூச்சுச் சிரமம் உள்ளவர்களுக்கு அது கெடுதல். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோ கான்சன்ட்ரேட்டரோ இருந்தால் நெருப்புப்பொறியே ஆகாது. பஞ்சும் காஸும் போதும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பறக்க வைக்க மெல்லிய கம்பியை முதுகில் டேப்பால் ஒட்டிப் பின்னாலிருந்து தாங்குங்கள். கம்பியை ராத்திரி அழித்துக்கொள்ளலாம். 1917இல் இங்கிலாந்தில் காட்டிங்லி என்ற கிராமத்தில் இரண்டு சிறுமிகள் காகிதத்தில் வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசியால் செடியில் குத்தி வைத்துப் படம் எடுத்தார்கள். ஆர்தர் கானன் டாயில் உட்படப் பெரிய பெரிய ஆட்கள் நம்பினார்கள். 1983இல் பாட்டிகளான பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். நல்ல வெளிச்சமும் கண் மட்டமும் இருந்தால் ஊசிகூடக் கண்ணில் படாது.

வெளியே ஒரு மணி நேரம் கிடைத்தால்

மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்காரர் அத்தையோடு இருக்க, நான் புளியரை வயல் பக்கம் போவேன். பையில் லாரி, அரிசிப்பை, ஒரு துண்டு உப்புத்தாள். வரப்பில் உப்புத்தாளை விரித்து லாரியை வைத்து, போனைத் தரையோடு தரையாக இறக்கினால் பின்னால் நிஜமான மலை. லாரிக்குப் பக்கத்தில் நிற்கும் புல்லைப் பிடுங்கிவிடுங்கள், ஒரு புல் தென்னைமர உயரம் தெரிந்து குட்டை உடைத்துவிடும். காற்று பலமாக இருக்கும், லாரிக்குள் இரண்டு கூழாங்கல் போடுங்கள்.

திருத்துவது

இதில் நீட்ட ஒன்றுமில்லை. ஸ்னாப்சீட் என்ற படம் திருத்தும் செயலி இலவசம். ஹீலிங் கருவியில் கம்பியையும் தூசியையும் அழியுங்கள். தூசி நம் கண்ணுக்குத் தெரியாது, பெரிதாக்கினால் பொம்மைக்குப் பொடுகு மாதிரி தெரியும். அடுத்த முறை எடுக்கும் முன்பே பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஓரங்களைச் சற்று இருட்டாக்குங்கள். நிறத்தைக் கூட்டாதீர்கள், முடிந்தால் குறையுங்கள். ஒரு காட்சிக்கு ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுங்கள். நாற்பதையும் வைத்திருந்தால் போனும் நிறையும், மனசும் அலையும்.

நாலு பேர் சொல்வது

நாத்தனார் வந்திருந்தபோது தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "கெடையில ஆள வச்சிக்கிட்டு ஒனக்குப் பொம்ம வெளையாட்டு கேக்குதோ?" என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தேன். இரண்டு நாள் தாம்பாளத்தை வெளியே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தேன், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மார்க் ஹோகன்கேம்ப் என்று ஒருவர். 2000இல் ஐந்து பேர் அவரை அடித்துப் போட்டதில் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து, பழைய நினைவெல்லாம் அழிந்துபோய் எழுந்தவர். சிகிச்சையைத் தொடரக் காசில்லாமல், வீட்டு முற்றத்தில் 6இல் ஒரு பங்கு அளவில் ஒரு பொம்மை ஊரையே கட்டி, தினமும் படம் எடுத்தார். நடுங்கும் கை, சின்னச் சின்னப் பொருளைப் பிடித்துப் பிடித்து நிலைக்கு வந்தது. அவர் நோயாளி, நான் நோயாளியைப் பார்ப்பவள். இருந்தாலும் அவருடைய லாரிகளும் ஆட்களும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

படுத்திருப்பவரை மட்டும் படம் எடுக்காதீர்கள். அவர் சரி என்று சொல்ல முடிகிற நிலையில் இருந்து, சொன்னால் ஒழிய வேண்டாம்.

பத்திரப்படுத்துவது

சாரல் காலத்தில் மரப் பொம்மைக்குப் பூஞ்சை பிடிக்கும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மாத்திரை டப்பாக்களில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். கிளிசரின் பட்டதைக் கழுவிக் காய வைத்த பிறகே உள்ளே. பாசியைச் சேர்த்து வைக்காதீர்கள், நாறும்.

எங்கள் வீட்டில் லாரி மட்டும் டப்பாவுக்குள் போவதில்லை. மிளகு டிரைவர் ஏறிய நாளிலிருந்து அது அத்தையின் தலைமாட்டில் இருக்கிறது. இடது கையால் மெத்தை விளிம்பில் முன்னும் பின்னுமாக உருட்டுவார். இப்போதெல்லாம் அவரிடம் கேட்டு வாங்கித்தான் படம் எடுக்க வேண்டியிருக்கிறது. சில நாள் தருவதில்லை.